ஜெப நோட்டில் என் பெயர்

கட்டி கைக்குத் தட்டுப்பட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஜெப நோட்டு. மகள், வீட்டுக்காரர், சாவு எல்லாம் அதற்குப் பிறகுதான் வரிசையாக வந்தன. மார்ச் மாதம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் இரண்டாவது வாரம், ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் குளித்துக்கொண்டிருந்தேன். இடது மார்பின் வெளிப்பக்கம், சோப்பு நுரைக்கு அடியில் புளியங்கொட்டை அளவில் ஒன்று. அமுக்கினேன், வலிக்கவில்லை. தள்ளினேன், நகரவில்லை. இதை நோட்டில் யார் எழுதுவார்கள், எதிரே என்னவென்று எழுதுவார்கள் என்று யோசித்துக்கொண்டே தலையைத் துவட்டினேன்.

சிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆகிறது. போன மாதம் ஆஸ்பத்திரியில் பெண்களுக்கு ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தார்கள். டாக்டர் என்னைப் பேசச் சொன்னார். மைக்கைப் பிடித்து, "பயப்படாதீர்கள், சீக்கிரம் வாருங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். எல்லாரும் கை தட்டினார்கள். நான் ஏன் சீக்கிரம் போகவில்லை என்பதை அங்கே சொல்லவில்லை. அந்த மிச்சத்தைத்தான் இங்கே எழுதுகிறேன், கை தட்டலுக்காக இல்லை.

முதலில் நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் முப்பது வீடுகள் சேர்ந்து ஒரு அன்பியம். வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வோம், நற்செய்தி வாசிப்போம், கடைசியில் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைவோம். பதினோரு வருடம் நான்தான் அதற்குத் தலைவி. தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லையோ அவர்கள் பெயரை ஒரு நோட்டில் எழுதி, சனிக்கிழமை எங்கள் கோயில் பாதிரியாரான பங்குச் சாமியிடம் சீட்டாகக் கொடுத்தால், ஞாயிறு பூசையில் மன்றாட்டு நேரத்தில் அதை வாசிப்பார்கள். ஒவ்வொரு மன்றாட்டுக்கும் கோயில் முழுக்க, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லும்.

எனக்கு முன்னால் இருந்த தலைவி பெயரை மட்டும் எழுதினாள். நான் வந்ததும் அதைத் திருத்தினேன். பெயருக்கு எதிரே எதற்காக மன்றாட வேண்டும் என்றும் எழுத ஆரம்பித்தேன். பெரும்பாலானவர்களுக்கு 'சுகம் பெற'. சிலருக்கு மட்டும் 'மனந்திரும்பிச் சுகம் பெற'. குடிக்கிறவர்கள், பூசைக்கு வராதவர்கள், வீட்டுக்குத் தெரியாமல் போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டவர்கள் எல்லாம் இந்த இரண்டாவது வகை. யாரும் என்னைக் கேட்கவில்லை. பேனா என் கையில் இருந்தது, எழுதினேன்.

நான் வேலை பார்ப்பது ஹார்பருக்குப் பக்கத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில். சரக்கு கப்பலில் ஏறியதற்கான பத்திரங்களைத் தயார் செய்வது என் வேலை. ஒரு தடவை ஒரு ஏற்றுமதியாளர், கப்பல் கிளம்பிய தேதியை இரண்டு நாள் முன்னால் போட்டுக் கொடுக்கச் சொன்னார். முடியாது என்றேன். முதலாளி கத்தினார். "சார், மேல ஒருத்தர் பாத்துக்கிட்டிருக்காரு" என்று சொல்லிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதற்காக இன்றைக்கும் நான் வெட்கப்படவில்லை. கடவுள் நீதியுள்ளவர், ஒவ்வொன்றையும் பார்க்கிறார் என்ற நம்பிக்கை என்னைப் பல தடவை நேராக நிறுத்தியிருக்கிறது. ஆனால் அவர் என்னைப் பார்க்கிறார் என்று ஆரம்பித்த நான், போகப் போக, அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து மற்றவர்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். எப்போது மாறினேன் என்று எனக்கே தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்கு நாலாவது வீடு மெட்டில்டாவுடையது. என்னைவிடப் பத்து வயது இளையவள். அவள் வீட்டுக்காரர் லூர்து சங்கு குளிக்கப் போகிறவர். ஒரு காலத்தில் கடலில் இருந்து ஏறினால் நேரே சாராயக் கடைதான். தெருவில் விழுந்து கிடந்ததை நானே தாண்டிப் போயிருக்கிறேன். பிறகு கோயிலில் நடந்த ஒரு தியானக் கூட்டத்துக்குப் போய், குருசைத் தொட்டுச் சத்தியம் பண்ணிக் குடியை விட்டார். நான்கு வருடம் கழித்து அவருக்குக் கண் மஞ்சளானது. வயிற்றில் நீர் கோர்த்தது. கல்லீரல் கெட்டுவிட்டது என்றார்கள்.

அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெளியே வராந்தாவில் மெட்டில்டா நின்றுகொண்டிருந்தாள்.

"கிருமியாம்க்கா. ரத்தத்துல இருந்திருக்கு, தெரியாமலே இருந்திருக்கு. குடியால வந்ததில்லன்னு டாக்டர் சொல்லுதாரு" என்றாள்.

நான் அவள் தோளில் கை வைத்து, "ஆண்டவர் காரணமில்லாம யாரு மேலயும் கை வைக்கமாட்டாரு மெட்டில்டா" என்றேன். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தேன். அந்தச் சனிக்கிழமை லூர்து பெயருக்கு எதிரே 'மனந்திரும்பிச் சுகம் பெற' என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்த ஞாயிறு லூர்து பூசைக்கு வந்திருந்தார். தூணுக்குப் பக்கத்துப் பெஞ்சில், காலை நீட்டி, மெட்டில்டாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாமி சீட்டை அப்படியே வாசித்தார். கொஞ்ச நேரத்தில் லூர்து எழுந்து வெளியே போனதைப் பார்த்தேன். மனசாட்சி குத்தியிருக்கும் என்று நினைத்தேன். அந்த வார அன்பியத்தில், ஜெபம் வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சியாக அதைச் சொல்லவும் செய்தேன். மூன்று வாரத்தில் லூர்து இறந்துபோனார்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்குக் கட்டி வந்தது.

ஆண்டவர் காரணமில்லாமல் கை வைக்கமாட்டார் என்றால், என் மேல் எதற்காக வைத்தார்? தினமும் ஆபீஸ் பஸ்ஸில் இதையே யோசித்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லாமல், காரணம் கண்டுபிடித்துவிட்டால் கட்டி கரைந்துவிடும் என்பதைப் போல என் பாவங்களைத் தேடினேன். பள்ளிக்கூடத்தில் ஒருத்தியின் ரப்பரை எடுத்தது. கல்யாணமான புதிதில் மாமியாருக்குச் சூடு ஆறிய காப்பி கொடுத்தது. வேறு ஊர்க் கோயிலுக்குப் போய், முகம் தெரியாத சாமியாரிடம் முழங்கால் போட்டு இதையெல்லாம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். அத்தனை மாதத் தேடலில் ஒரு தடவைகூட லூர்து பெயர் எனக்கு ஞாபகம் வரவில்லை. இந்தக் கட்டுரையிலேயே எனக்கு மிகவும் கூசுகிற வரி இதுதான்.

டாக்டரிடம் போகாததற்குக் காரணம் சின்னது. போனால் தெரிந்துவிடும், தெரிந்தால் தெரு பேசும். 'ரெஜினாக்காவுக்கேவா, அப்ப என்னவோ இருந்திருக்கு' என்பார்கள். பதினோரு வருடமாக அப்படிப் பேசச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். எனவே பொய் சொன்னேன். கை தூக்க முடியாததற்குத் தோள்வலி என்றேன். இரவு மறுபக்கம் திரும்பிப் படுப்பதற்குப் புழுக்கம் என்றேன். கப்பல் தேதியை இரண்டு நாள் மாற்றிப் போடமாட்டேன் என்ற ரெஜினா, ஆறு மாதம் வாயைத் திறந்தால் பொய். ஆகஸ்டில் மாதா திருவிழாவுக்குக் கொடியேறியபோது புளியங்கொட்டை எலுமிச்சங்காய் ஆகியிருந்தது. மேலே தோல் உள்ளே இழுத்து, ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. அந்தத் திருவிழா முழுக்க நான் முன் வரிசையில் நின்று பாடினேன்.

என் வீட்டுக்காரர் அமலன் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறார். அதிகம் பேசாத மனுஷன். ஒரு நாள் காலை ஷிப்ட் முடிந்து வந்து, வாளியில் ஊறிய துணிகளை அலசிப் போடலாம் என்று எடுத்திருக்கிறார். என் நைட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். இடது பக்கம் நீர்த்த ரத்தம் மாதிரி ஒரு கறை.

"ஏளா ரெஜி, இது என்ன?"

சட்னி அரைக்கிற சத்தத்தில் கேட்காதது போல நின்றேன். அவர் மிக்சியை நிறுத்தினார். அதற்குமேல் மறைக்க என்னிடம் பொய் இருக்கவில்லை.

அன்றே ஆஸ்பத்திரி. ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் என் பெயரில் ஒரு எழுத்தைத் தவறாக அடித்தார்கள். நான் திருத்தச் சொல்லிச் சண்டை போட்டேன். அமலன், "ஏளா, இப்ப அதுவா முக்கியம்" என்றார். சர்ஜன் சின்ன வயதுப் பெண். கையால் அமுக்கிப் பார்த்தார், அக்குளிலும் பார்த்தார்.

"எப்ப பாத்தீங்கம்மா?"

"ஒரு மாசம் இருக்கும்."

மேமோகிராம் எடுத்தார்கள். இரண்டு தட்டுக்கு நடுவே மார்பை வைத்து அழுத்தி எடுக்கிற எக்ஸ்ரே அது. வலிக்கும், ஆனால் ஒரு நிமிடம்தான், கூட்டத்தில் சொல்ல மறந்ததால் இங்கே சொல்கிறேன். படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"இது ஒரு மாசத்துக் கட்டி இல்லையேம்மா."

அமலன் என்னைப் பார்த்தார். "தவக்காலத்துல" என்றேன், தரையைப் பார்த்து. கண்ணாடிக்குப் பின்னால் டாக்டரின் கண் கொஞ்சம் மாறியது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர், "ஏன்மா?" என்று மட்டும் கேட்டார். படிக்காதவர்களிடம் கேட்கிற தொனி அதில் இல்லை, அதனால் இன்னும் அதிகமாகச் சுட்டது. வெளியே வந்து லிப்டுக்குக் காத்திருக்கும்போது அமலன், "என்ட்டயுமா சொல்லக்கூடாது?" என்றார். முப்பது வருடத்தில் அவர் என்னிடம் கோபப்பட்டதே இல்லை. அன்றும் அது கோபம் இல்லை.

பிறகு பயாப்சி. ஒரு தடித்த ஊசியை உள்ளே விட்டு, கட்டியிலிருந்து நூல் மாதிரி ஒரு துண்டை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வர எட்டு நாள். புற்றுநோய், மூன்றாவது நிலை. அதாவது மார்பை விட்டு அக்குளில் இருக்கும் நெறிக்கட்டிகளுக்குப் போய்விட்டது. நுரையீரல், கல்லீரல், எலும்புக்கு இன்னும் போகவில்லை. முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கி, பிறகு அறுவை, அதன் பிறகு கதிர்வீச்சு என்றார்கள். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் அறுவையோடு சின்னதாக முடிந்திருக்க வாய்ப்பு உண்டா என்று அமலன் கேட்டார். டாக்டர் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரிந்தது.

செலவில் பெரும்பகுதி அமலனின் வேலையிடத்து மருத்துவ உதவியில் போயிற்று. அது இல்லாதவர்கள் அந்தக் காத்திருப்பு அறையில் எத்தனையோ பேர். கீமோ நாளில் அங்கே காலையிலிருந்து உட்கார்ந்திருப்போம். உடன்குடியிலிருந்து, காயல்பட்டினத்திலிருந்து, விளாத்திகுளம் பக்கத்திலிருந்தெல்லாம் வருவார்கள். "உங்களுக்கு எங்கன?" என்று ஒருத்தர், "எத்தனாவது ஊசி?" என்று இன்னொருத்தர். சாப்பிட முடிகிறதா, வாய்ப்புண் வந்ததா என்று கேட்பார்கள். நீ என்ன செய்தாய் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. நான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்ட ஒரே இடம் அந்த அறைதான், ஏனென்றால் அங்கே நானும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஏற்றுகிற மருந்தில் ஒன்று ரோஸ் மில்க் நிறத்தில் இருக்கும். அன்று முழுக்கச் சிறுநீரும் அதே நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம். மூன்றாவது நாளிலிருந்து வாயில் இரும்பு ருசி. பதினெட்டாவது நாள் தலையணையில் கொத்தாக முடி. சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஷெரின் லீவு போட்டு வந்து, புருவம் வரையச் சொல்லிக்கொடுத்தாள். மிச்ச முடியை அமலன் தன் தாடி மெஷினால் எடுத்துவிட்டார். எடுத்து முடித்து, தடவிப் பார்த்து, "ஒன் தல நல்ல உருண்டைளா, முப்பது வருசமா மறைச்சி வச்சிருந்திருக்க" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, 'மறைச்சி' என்ற வார்த்தை உள்ளே போய் இடிக்கவும் செய்தது.

தெருவில் யாருக்கும் சொல்லக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். ஷெரினுக்கு உதவியாகச் சென்னையில் இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஆட்டினாரே தவிர, அந்தப் பொய்யை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

இரண்டாவது ஊசி போட்டுப் பத்தாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. கீமோ மருந்து புற்றுநோய் அணுக்களோடு சேர்த்து, கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடும். அந்த நேரத்தில் வருகிற காய்ச்சலை வீட்டில் மாத்திரை போட்டு ஆற்றக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். என்னைத் தனி அறையில் போட்டார்கள். ஷெரின் லீவு முடிந்து போய்விட்டாள். அமலனுக்குப் பகல் ஷிப்ட். மத்தியானம் கதவு திறந்தது. முகக்கவசம் போட்ட ஒருத்தி பிளாஸ்க்கோடு வந்தாள். கண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, மெட்டில்டா.

"கஞ்சி கொண்டாந்திருக்கேன்க்கா. இப்பதான் எறக்குனது. பச்சையா ஒண்ணும் ஆகாது, தேங்காத் தொவையல்கூட வேண்டாம்னு வச்சிட்டு வந்துட்டேன்."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எந்த மாடியில் வெந்நீர் கிடைக்கும், எந்த நர்சைக் கூப்பிட்டால் வருவாள், டம்ளரை வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் தர வேண்டும். இதே கட்டிடத்தில் லூர்துக்காக அவள் கற்றுக்கொண்டது அத்தனையும். அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லுவாள், ஆண்டவர் காரணமில்லாமல் கை வைக்கமாட்டார்க்கா என்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மறுநாளும் வந்தாள், மறுநாளும் சொல்லவில்லை. அவள் சொல்லாதது ஒவ்வொரு வாய்க் கஞ்சியோடும் எனக்குள் இறங்கியது. அந்த இரண்டு நாளில்தான் எனக்கு லூர்து ஞாபகம் வந்தார், தூணுக்குப் பக்கத்துப் பெஞ்சில் காலை நீட்டியபடி.

மூன்றாம் நாள் என்னால் முடியவில்லை.

"ஏளா மெட்டில்டா, சொல்லணும்னு நெனைக்கதச் சொல்லிரு."

"என்னத்தக்கா?"

"அன்னைக்கி வராந்தாவுல நான் ஒன்ட்ட சொன்னத."

அவள் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். மூடி எப்போதோ இறுகிவிட்டிருந்தது.

"அது நீங்க எனக்குச் சொன்னதுக்கா. நான் தாங்கிக்கிட்டேன். அவருக்கு நீங்க எழுதில்லா குடுத்தீங்க."

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன்.

"அன்னைக்கி சாமி வாசிச்சதும் எல்லாரும் மன்றாட்டைக் கேட்டருளும்னாங்கல்லா. அவரும் சொன்னாரு. எம் பக்கத்துல இருந்து சத்தமாச் சொன்னாரு. சொல்லிட்டுதான் எந்திரிச்சிப் போனாரு. நான் பின்னாலயே ஓடுதேன். வீட்டுக்கு வந்து கட்டில்ல உக்காந்து கேக்காரு, 'மெட்டி, நாலு வருசமா ஒரு சொட்டு தொடல. இன்னும் நான் என்ன திருந்தணும்? ஒனக்குத் தெரிஞ்சா சொல்லு, செஞ்சிருதேன்'ங்காரு. நான் என்னத்தச் சொல்ல? சாவுற வரைக்கும் அதத்தான் யோசிச்சிக்கிட்டுக் கெடந்தாரு. உங்களுக்குத் தெரியுமாக்கா, அவரு என்ன திருந்தணும்னு? தெரிஞ்சா சொல்லுங்க."

அவள் குரல் உயரவில்லை. டிரிப்ஸ் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். ஒரு மனுஷன் தன் கடைசி மூன்று வாரத்தை, நான் பேனாவால் போகிற போக்கில் எழுதிய ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தேடிச் செலவழித்திருக்கிறான். எனக்கு அழுகை வந்தது. அழுகிற உரிமைகூட அந்த அறையில் அவளுக்குத்தான் இருந்தது, அதனால் அடக்கினேன்.

"என்னய மன்னிச்சிரு மெட்டில்டா."

"அத இப்பக் கேக்காதீங்கக்கா. நீங்க காய்ச்சல்ல கெடக்கீங்க, இல்லன்னு சொல்லவும் முடியாது. ஆமான்னு சொல்லவும் எனக்கு வரல." பிளாஸ்க்கை மேசையில் வைத்தாள். "மன்னிச்சிட்டதால கஞ்சி கொண்டாரல. ஆஸ்பத்திரிச் சோறு எறங்காதுன்னு எனக்குத் தெரியும், அதான்."

போகும்போது கதவருகே நின்றாள்.

"ஜெப நோட்டு எங்கிட்டதான் இருக்கு. அமலண்ணன் கொண்டாந்து குடுத்தாவ. ஒரு மாசமா நாந்தான் எழுதிக் குடுக்கேன்."

"எம் பேர எழுதுனியா?"

"எழுதுனேன்."

"எதிர்ல என்ன போட்ட?"

"ஒண்ணும் போடல. யாருக்கும் போடுறதில்ல. என்ன வேணும்னு அவருக்குத் தெரியாதா?"

அப்படியானால் ஒரு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் என் பெயரை வாசித்திருக்கிறார்கள். நான் யாருக்கும் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கிய தெரு, எனக்காக ஒவ்வொரு வாரமும் மன்றாடியிருக்கிறது. யாரும் எதற்கு என்று கேட்கவில்லை.

நான்கு ஊசி, பிறகு வேறொரு மருந்தில் நான்கு, அதன் பிறகு அறுவை. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். காயத்திலிருந்து நீர் வடியக் குழாய் வைத்து, அதன் முனையில் ஒரு டப்பாவைத் தொங்கவிடுவார்கள். இரண்டு வாரம் அதைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். அந்தப் பையைத் தைத்துக் கொடுத்தது அமலன், கிரேன் ஓட்டுகிற கையால், கோணல் மாணலாக. கதிர்வீச்சுக்குத் தினமும் திருநெல்வேலிக்குப் போய் வந்தோம். மெட்டில்டா இடையிடையே வருவாள், கஞ்சியோ மீன் அவித்ததோ வைத்துவிட்டுப் போவாள். அந்தப் பேச்சை நாங்கள் மறுபடி எடுக்கவில்லை.

இந்தக் கட்டியே லூர்துக்குச் செய்ததற்கான தண்டனை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ரொம்ப ஆசையாக இருந்தது. சொன்னால் விஷயம் முடிந்துவிடும், தண்டனை வாங்கியாயிற்று என்று நிம்மதியாக இருக்கலாம். டாக்டரிடமே ஒரு நாள் சுற்றி வளைத்துக் கேட்டேன். "கட்டி யாருக்கும் வரும்மா. நீங்க லேட்டா வந்தது மட்டும்தான் உங்களால ஆனது" என்றார். அவ்வளவுதான். கட்டி கட்டிதான். மறைத்தது நான், எழுதியதும் நான். கடவுள் நீதியுள்ளவர் என்று இப்போதும் நம்புகிறேன், முன்னைவிட அதிகமாக நம்புகிறேன். அந்த நீதியை எடுத்து விநியோகம் பண்ண என்னை அவர் வேலைக்கு வைக்கவில்லை என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

தலையில் குட்டையாக முடி முளைத்த பிறகு, பங்குச் சாமி வீட்டுக்கு வந்து அன்பியத்தை மறுபடி எடுத்துக்கொள்ளச் சொன்னார். மாட்டேன் என்றேன். ஒரே ஒரு சீட்டு மட்டும் எழுதித் தருகிறேன், அதை அப்படியே வாசிக்க வேண்டும் என்று கேட்டேன். எழுதும் முன் மெட்டில்டா வீட்டுக்குப் போனேன். லூர்து பெயரையும் அதில் சேர்த்து, அன்று எழுதியது தப்பு என்று எல்லாருக்கும் தெரிய வாசிக்கச் சொல்லலாமா என்று கேட்டேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவரு பேர நீங்க எடுக்காதீங்கக்கா" என்றாள்.

அது சரிதான். என் மனசு ஆறுவதற்கு அவர் பெயரை இரண்டாவது தடவை கோயிலில் கூப்பிட எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? சீட்டில் என் பெயரை மட்டும் எழுதினேன். எதிரே, பழைய பழக்கத்தில் எழுத்துப்பிழை பார்த்து, 'மனந்திரும்ப' என்று எழுதினேன்.

அந்த ஞாயிறு நான் முன் வரிசைக்குப் போகவில்லை. தூணுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அமலன் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு வரிசை முன்னால் மெட்டில்டா. மன்றாட்டுக்கு எல்லாரும் எழுந்து நின்றோம். நோயாளிகளின் பெயர்களை, எதிரே ஒன்றுமில்லாத வெறும் பெயர்களை வாசித்துவிட்டு, சாமி கடைசிச் சீட்டை எடுத்தார். "ரெஜினா மனந்திரும்ப" என்று வாசித்தார். தலைகள் திரும்பின. என் காது சுட்டது. விலகி வாசலுக்குப் போய்விடலாம் என்று கால் பரபரத்தது. லூர்துக்கு வீங்கிய கால்கள், இந்த வாசல் அன்று அவருக்கு எவ்வளவு தூரமாக இருந்திருக்கும்.

கோயில் முழுக்க, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. பக்கத்தில் அமலன் சொன்னார். இரண்டு வரிசை முன்னாலிருந்து மெட்டில்டாவின் குரலும் கேட்டது. இதே இடத்தில் உட்கார்ந்து லூர்து தனக்காகச் சத்தமாகச் சொன்ன அந்த வரியை என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு வழியாக நான் வாயைத் திறந்தபோது, மன்றாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.